கையொப்பம் சரி, ஊசி செல்லாது

2021 ஜூலை 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணு கோவிட் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. ஒரே மருந்தைப் போட்டுக்கொண்ட இருவரில் ஒருவருக்கு அது கதவைத் திறந்தது, இன்னொருவரைக் காக்க வைத்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனிகாவும் உருவாக்கிய தடுப்பூசி 'வாக்ஸ்செவ்ரியா' என்ற பெயரில் வந்திருந்தால் ஒன்றியம் முழுவதும் செல்லும். அதுவே புனேயின் சீரம் நிறுவனத்தில் 'கோவிஷீல்டு' என்று தயாராகியிருந்தால், ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் விருப்பம். ஐரோப்பிய மருந்து முகமை அனுமதி தந்த பட்டியலில் கோவிஷீல்டு இல்லை என்பதே காரணம். ஏழை நாடுகளுக்கு ஊசி வழங்க ஐரோப்பாவும் பணம் கொடுத்த கோவாக்ஸ் திட்டம், ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதும் இதே கோவிஷீல்டைத்தான். ஆப்பிரிக்க ஒன்றியம் கொதித்ததில் வியப்பில்லை.

பழுது தொழில்நுட்பத்தில் இல்லை. சொல்லப்போனால், அந்தச் சான்றிதழின் வடிவமைப்பு மெச்சத்தக்கது. கியூஆர் குறியீட்டுக்குள் பெயர், பிறந்த தேதி, ஊசி விவரம். அவற்றின் மேல் வழங்கிய அமைப்பின் மின்னணுக் கையொப்பம். கையொப்பமிடும் ரகசியச் சாவி அந்தந்த நாட்டிடமே இருக்கும். சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும் நாடுகளுக்கிடையே பகிரப்படும். எல்லையில் நிற்கும் அதிகாரியின் கருவி கையொப்பத்தைச் சோதிக்குமே தவிர, பயணியின் மருத்துவத் தகவல் எந்தப் பொதுக் கிடங்குக்கும் போகாது. ஒன்றியத்துக்கு வெளியே 51 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் இதில் இணைந்தன. 230 கோடிக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. சட்டத்திலேயே முடிவுத் தேதி எழுதப்பட்டிருந்தது, ஒருமுறை ஓராண்டு நீட்டிக்கப்பட்டாலும் 2023 ஜூன் 30 அன்று அது காலாவதியும் ஆனது. நெருக்கடிக்காலச் சட்டங்களில் இப்படி விடைபெறுபவை மிகக் குறைவு.

ஆனால் கையொப்பம் சரி என்றால் உள்ளே எழுதியது உண்மை என்று ஆகிவிடாது. 2021 அக்டோபரில் அடால்ஃப் ஹிட்லரின் பெயரிலேயே ஒரு சான்றிதழ் இணையத்தில் உலவியது. சோதித்தால், செல்லும் என்றே செயலி காட்டியது.

இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே நடந்த இழுபறி இன்னும் சுவையானது. 2021 செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டை ஏற்றது. அதைப் போட்டதாகச் சொல்லி இந்தியாவின் கோவின் தளம் வழங்கிய சான்றிதழை ஏற்கவில்லை. அதில் வயது இருந்தது, முழுப் பிறந்த தேதி இல்லை. (பிரதமரின் படத்துக்கு இடம் இருந்தது, பிறந்த தேதிக்குத்தான் இல்லை.) கோவினில் பிறந்த தேதியைக் காட்டும் வசதி சேர்க்கப்பட்டது. அதோடு விஷயம் முடியவில்லை. அக்டோபர் 4 முதல் பிரிட்டனிலிருந்து வருவோருக்குப் பத்து நாள் தனிமை என்று இந்தியா பதிலடி கொடுத்தது. பிரிட்டன் இறங்கி வந்து, அக்டோபர் 11 முதல் அந்தச் சான்றிதழை ஏற்றது. பதிலடி கொடுக்க முடிந்த நாட்டுக்குச் சிக்கல் சில வாரங்களில் தீர்ந்தது. அந்த வலு இல்லாத நாட்டின் பயணி என்ன செய்திருப்பார்?

அறிவியலும் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிதாகத் துணை நிற்கவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைச் சர்வதேசச் சுகாதார விதிகளே அங்கீகரிக்கின்றன. ஒரே ஊசி வாழ்நாள் முழுவதும் காக்கும். கோவிட் ஊசி உயிரைக் காத்தது, தொற்றை அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. ஒமிக்ரான் பரவியபோது ஊசி போட்டவர்களும் கூட்டம்கூட்டமாகத் தொற்றுக்கு ஆளானார்கள். ஐரோப்பா முதற்கட்ட ஊசிச் சான்றிதழின் ஆயுளை 270 நாளாகச் சுருக்கியது. தடுப்பூசிச் சான்றைப் பயணத்துக்கு நிபந்தனையாக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பின் அவசரக் குழு முன்பே சொல்லியிருந்தது. நாடுகள் அதைக் காதில் வாங்கவில்லை.

ஐரோப்பாவின் அந்த நுட்பத்தையே 2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பு தன் உலகளாவிய மின்னணுச் சுகாதாரச் சான்றளிப்பு வலையமைப்புக்கு எடுத்துக்கொண்டது. ஹஜ் பயணிகளின் மருத்துவக் குறிப்பை சவூதி மருத்துவர்கள் பார்க்க உதவும் அட்டைக்கும் அது பயன்பட்டது. வழிமறிக்கப் பிறந்த கருவி வைத்தியத்துக்கு உதவுவது நல்ல திருப்பம்தான். ஆனால் இந்த வலையமைப்பும் கையொப்பத்தை மட்டுமே சரிபார்க்கிறது. எந்த ஊசி செல்லும் என்பதை முன்போலவே ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவு செய்யும். எடுத்துக்காட்டாக, 2021 நவம்பர் 3 அன்று இந்தியாவின் இன்னொரு தடுப்பூசியான கோவாக்சின் உலக சுகாதார அமைப்பின் அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. பிரிட்டன் அதை ஏற்றது நவம்பர் 22 அன்று. அந்தப் பட்டியலில் உள்ள ஊசியை எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும் என்ற ஒரு வரி உடன்பாடு இருந்திருந்தால், 2021-இன் சச்சரவுகளில் பாதி எழுந்தே இருக்காது.