சிருங்கார ஓவியமும் காட்சியமைப்பும்

ஓவியமொன்று கலையாகத் தோன்றுவதும் ஆபாசமாகத் தோன்றுவதும் அது வரையப்பட்ட முறையை மட்டுமன்றிக் காட்டப்படும் முறையையும் பொறுத்தனவாகும்.

1954ஆம் ஆண்டிலே பம்பாய் ஜகாங்கீர் கலைக்கூடத்தில் அக்பர் பதம்சீ தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அவற்றுள் ‘காதலர்’ என்னும் ஓவியங்கள் இரண்டன் மீது வழக்குத் தொடரப்பட்டது. காதலன் கை காதலியின் மார்பிற் பட்டிருந்தமையே குற்றமெனப்பட்டது. ஓவியர் அவற்றை அகற்ற மறுத்தார், வழக்காடி வென்றார்.

குற்றங் கண்டோர் ஒரு கையைக் கண்டனரேயன்றி முழு ஓவியத்தையும் கண்டாரல்லர். பகுதியை முழுமையினின்று பிரித்து நோக்குங்கால் கலை மறைந்து உடலே எஞ்சும். ஆதலின், இத்தகைய ஓவியங்களைத் திரையிட்ட தனியறையில் ஒதுக்குதல் தகாது. அது காண்போரைக் களவாக நோக்குவோராக்கும். வாயிலிலே நிறுத்துதலும் தகாது. அது வெறும் விளம்பரமாகும்.

இக்கருத்தை ஈழத்து ஓவியர் ஜோர்ஜ் கீற் (1901–1993) அவர்களின் படைப்பிற் பொருத்திக் காணலாம். சயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த அவர், அதற்குக் கோட்டோவியங்களும் வரைந்தார். அவற்றைக் காவியத்தின் போக்கிற்கேற்பப் பிரிவு, ஊடல், கூடல் என நிரல்பட வைத்தலே பொருந்தும். இராதையின் பிரிவுத் துயரைக் கண்டுவந்த கண், கூடலில் உடலை மட்டும் காணாது.

கொழும்புக் கலைக்கூடமாயினும் கரடியனாற்றுப் பாடசாலை மண்டபமாயினும் முறை இதுவே. நல்லமைப்பு வழக்கைத் தடுக்குமெனத் துணிதல் இயலாது. குறையுள்ள ஓவியத்தை அது நிறைவாக்கவும் மாட்டாது. ஆயின், நல்லோவியம் தன் முழுமையோடு நின்று தனக்காகத் தானே வாதாட அது வழிசெய்யும்.