ஆங்கிலச் சிலேடையும் செவிப்பயிற்சியும்

ஒரு மொழியின் இலக்கணத்தை நூலிற் கற்றல் கூடும். அம்மொழியினர் நகைக்குமிடத்து உடன் நகைத்தல் அத்துணை எளிதன்று. ஆங்கிலத்திற் பட்டம் பெற்றாருட் சிலரும், ஆங்கிலேயர் உரையாட்டில் எழும் இருபொருட் சொல்லைக் கேட்டுச் சற்றுப் பின்னரே முறுவலிப்பர். இதற்குக் காரணம் சொல்வளக் குறைவா, செவிப்பழக்கக் குறைவா என ஆராய்தல் தகும்.

தமிழ் மாணவர் சிலேடைக்குப் புதியவரல்லர். தண்டியலங்காரம் அதனைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இருவகைப்படுத்தும். காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிக் காட்டினார். ஆயின், தமிழ்ச் சிலேடை பெரும்பாலும் எழுத்தொற்றுமை பற்றியது. சொல்லைச் சேர்த்தும் பிரித்தும் ஏட்டிலேயே அதனைக் கண்டுகொள்ளலாம். ஆங்கிலச் சிலேடையிற் பெரும்பகுதியோ ஒலியொற்றுமை பற்றியது. இரவைக் குறிக்கும் 'நைற்' என்னுஞ் சொல்லும், குதிரை வீரனைக் குறிக்கும் 'நைற்' என்னுஞ் சொல்லும் எழுத்தால் வேறு, ஒலியால் ஒன்று. பின்னையதன் முதலெழுத்து முன்னொருகால் ஒலிக்கப்பட்டது; காலப்போக்கில் ஒலி மறைய, எழுத்து மட்டும் எஞ்சியது. ஆதலின், கண்ணாற் கற்றவன் இரு சொற்களைக் காண்கின்றான். காதாற் கற்றவன் இரு பொருளையும் ஒருங்கே கேட்கின்றான்.

வேறொரு வகையுமுண்டு. 'டோ' என்பது பிசைந்த மா. பேச்சு வழக்கிற் பணமுமாம். பாண் சுடுபவன் ஒருவன் தனக்கு 'டோ' போதாதென்று கூறின், அவன் குறை தொழில்பற்றியதோ வறுமைபற்றியதோ என்னும் ஐயமே நகையாகின்றது. இங்குச் செவி மட்டும் போதாது, வழக்கறிவும் வேண்டும்.

சிலேடையைச் சிறுபிள்ளை விளையாட்டென இகழ்வாருமுளர். 1765ஆம் ஆண்டிற் சேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்த சாமுவேல் ஜோன்சன், அக்கவிஞரின் சிலேடை வேட்கையைத் தம் முகவுரையிற் கடிந்தார். அக்கண்டனம் சிலவிடத்துப் பொருந்தும், எவ்விடத்தும் பொருந்தாது. 'றோமியோவும் யூலியெத்தும்' என்னும் நாடகத்திலே, வாட்காயமுற்று உயிர்விடும் மேர்க்கியூசியோ, நாளைத் தன்னைத் தேடுவோர் 'கிரேவ்' ஆன மனிதனைக் காண்பர் என்கிறான். அச்சொல் விளையாட்டற்ற தீவிரத் தன்மையையும் புதைகுழியையும் குறிக்கும். வாழ்நாளெல்லாம் நகைத்துத் திரிந்தவன் முதன்முறையாகத் தீவிரமுடையவனாகும் நாள் அவன் மறைந்த நாளே. இரு பொருளுள் ஒன்றை நீக்கின் அவலத்திற் பாதி அழிந்துவிடும். 1930ஆம் ஆண்டில் வில்லியம் எம்ப்சன், பொருண்மயக்கம் கவிதைக்கு வளமேயென நிறுவ ஒரு தனி நூலே எழுதினார்.

ஆகவே, சிலேடையை அளக்கும் கோல் ஒன்றே: இரு பொருளும் இடத்துக்கு ஏற்றனவா என்பது. ஒன்று மட்டும் பொருந்தி மற்றையது உதிருமாயின், அது வெற்றொலி. இக்கோல் காளமேகத்துக்கும் சேக்ஸ்பியருக்கும் பொதுவானது. அதனைக் கையாள விரும்பும் மாணவன் அகராதியை மட்டும் புரட்டுதல் போதாது. நாடகத்தை வாய்விட்டுப் படித்தலும், பிறர் படிக்கச் செவிமடுத்தலும் வேண்டும். கண் காணாத இரண்டாம் பொருளைக் காதே காட்டிக்கொடுக்கும்.