பாறையில் இல்லாத பாட்டு

ரூன் எழுத்துகளைப் பற்றிய நூல்களுள் பேருழைப்பும் பெரும்பிழையும் ஒருங்கே கொண்டது, ஃபின்னூர் மாக்னுசன் 1841-இல் வெளியிட்ட நூல். எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலின் பொருள், சுவீடனின் பிளெக்கிங்கே மாநிலத்திலுள்ள ரூனமோ என்னும் பாறை.

டேனிய மன்னர் வால்டெமார் இதைப் படிக்க ஆட்களை அனுப்பினார் என்றும், அவர்களால் இயலவில்லை என்றும் 1200-ஐ ஒட்டி வரலாற்றாசிரியர் சாக்சோ எழுதி வைத்தார். 1833-இல் டேனிய அரச அறிவியல் கழகம் ஒரு குழுவை அனுப்பியது. இயற்கைப் பிளவு எது, மனிதன் வெட்டிய கோடு எது என்று நிலவியலார் ஃபோர்க்ஹாமர் பிரித்துக் காட்ட, அதன்படி படம் வரையப்பட்டது. மறு ஆண்டு மாக்னுசன் அப்படத்தை வலமிருந்து இடமாகப் பார்த்தார். சில மணி நேரத்தில் பிராவல்லாப் போரைப் பற்றிய பழம்பாடல் ஒன்று கிடைத்துவிட்டது!

அவர் ரூன் அறியாதவரல்லர். வலமிருந்து எழுதுவது, இரண்டு மூன்று எழுத்துகளை ஒரே தண்டில் பிணைப்பது, சொல்லைச் சுருக்குவது ஆகிய மூன்றுமே ரூன் எழுத்தில் உண்மையாக உள்ள வழக்கங்கள்தாம். ஆனால் மூன்றையும் வேண்டியபோதெல்லாம் கையாண்டால் எந்தக் கீறல்தான் எழுத்தாகாது? மரத்தில் செதுக்க ஏற்றவாறு ரூன்கள் நேர்க்கோடும் சாய்கோடுமாக அமைந்தவை. பாறைப் பிளவுகளும் பெரும்பாலும் அப்படியே ஓடுகின்றன. இந்த ஆபத்தை நூலாசிரியர் எண்ணிப் பார்த்ததாகவே தெரியவில்லை. அவை வெறும் பிளவுகளே என்று வேதியியலறிஞர் பெர்சீலியஸ் முன்னரே கூறியிருந்தும் நூல் வெளிவந்தது. அதைத்தான் மன்னிக்க இயலவில்லை.

வொர்சோ என்ற இளைஞர் பாறையிடமே சென்று, படத்தையும் கல்லையும் ஒப்பிட்டார். படத்தில் தனித்து நின்ற கோடுகள் கல்லில் பக்கத்துப் பிளவுகளோடு தொடர்ந்து ஓடின. எரிகுழம்பு புகுந்து இறுகிய கரிய கற்பட்டை அது. வெடிப்பது அதன் இயல்பு. 1844-இல் அவர் இதை வெளியிட்டபோது வயது இருபத்துமூன்று.

இன்றைய ரூன் ஆய்வாளர் முதலில் கல்லை நேரில் பார்த்துக் கண்ட எழுத்துகளை மட்டும் பெயர்த்தெழுதுவார். ஐயமானவற்றின் கீழ் ஒரு புள்ளி இடுவார். பொருள் கூறுவது அதன் பிறகுதான். ரூனமோவில் அப்படிச் செய்திருந்தால், படம் முழுவதும் புள்ளிகளாகவே இருந்திருக்கும்.