மூச்சு எங்கே திறக்கிறது?

எண்பதுகளின் ஸ்போர்ட்ஸ் கார் என்று வெள்ளவத்தையில் பேச்செடுத்தால் போதும், "அது காசுக்காரர்களின் பைத்தியம் அண்ணா" என்று சொல்லிவிட்டு இளசுகள் ஹைபிரிட் காரின் பெற்றோல் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். கோபம் வருகிறது. ரசிப்பதற்குக் கார் சொந்தமாக வேண்டாம், காது இருந்தால் போதும்.

அடிப்படையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் பக்கம் ரொயோட்டா கொரோலா ஏஈ86, மஸ்டா ஆர்எக்ஸ்-7, நிசான் ஸ்கைலைன். அமெரிக்கப் பக்கம் கொர்வெட், கமாரோ, மஸ்டாங். ஜப்பானிலும் வாகனம் இடப்பக்கம்தான் ஓடுகிறது, ஆகவே அந்தக் கார்கள் நம் வீதிக்கு அப்படியே பொருந்தும். அமெரிக்கக் கார்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். கொழும்பில் காண்பது அபூர்வம். இவ்வளவு போதும்.

இனித்தான் விஷயம். ஏஈ86இன் 1.6 லீற்றர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டு வழிகள். மெதுவாக ஓடும்போது ஒரு வழியைத் தகடு ஒன்று மூடியிருக்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்றைச் சற்றுத் தாண்டியதும் அது திறக்கும். அந்தக் கணத்தில் சத்தம் கூர்மையாகி மேலே ஏறுவதைக் கேளுங்கள்! உச்ச வலு 6,600 சுற்றில்தான் வரும். 1985 கொர்வெட்டின் 5.7 லீற்றர் வி8க்கு நேரெதிர்ப் புத்தி. நீண்ட காற்றுக் குழாய்கள் கீழ்ச் சுற்றிலேயே இழுவையைக் குவித்துவிடும். 4,000 சுற்றில் 230 குதிரைவலுவும் வந்து முடிந்துவிடும். ஜப்பான் கார் திறக்கும் இடத்தில் அமெரிக்கக் கார் முடிக்கிறது. முன்னதைக் கீழ் கியரில் பிடித்து ஏற்ற வேண்டும், பின்னதை மேல் கியரில் விட்டு இழுக்கச் சொல்ல வேண்டும். இதை அறியாமல் ஓட்டுபவருக்கு இரண்டுமே சப்பென்று இருக்கும்.

லீற்றருக்கு எத்தனை குதிரைவலு என்று வகுத்து ஜப்பானுக்கு மாலை போடும் விமர்சகர்கள் மேம்போக்கானவர்கள். ஏஈ86இன் 130, எஞ்சினைத் தனியாகக் கழற்றி வைத்து அளந்த கணக்கு. காரில் இருக்கும் நிலைக்கு ஏற்ப அளந்தபோது 120தான். கொர்வெட்டின் 230 ஏற்கெனவே அப்படி அளந்தது. 'இனிஷியல் டி' கார்ட்டூனில் ஏஈ86ஐப் பார்த்துவிட்டுக் கறுப்பு வெள்ளைப் பெயிண்ட் தேடி அலைபவர்களும், 'நைட் ரைடர்' டீவித் தொடரின் காருக்காக ஃபயர்பேர்ட் என்று உருகுபவர்களும் அதே ரகம். 1982 ஃபயர்பேர்டின் மலிவுப் பதிப்பில் இருந்தது 90 குதிரைவலு நாலு சிலிண்டர்!

வாங்கும் எண்ணம் இருந்தால், உங்களுக்காகச் சொல்கிறேன்: கொழும்பில் ஜப்பான் கார்தான் புத்தி. கொரோலா குடும்பத்துச் சாமான்களைக் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், பஞ்சிகாவத்தையிலேயே தேடலாம். ஆனால் ஏஈ86இன் அதே உடம்போடு 1.5 லீற்றர் ஏஈ85 ஒன்றும் உண்டு. சேஸி இலக்கத்தைப் பார்க்காமல் காசை எண்ணாதீர்கள். கடலோர மரைன் டிரைவ் பக்கம் நின்ற கார் என்றால் தரை விரிப்பைத் தூக்கித் துரு பாருங்கள். புது டிங்கரிங், புதுப் பெயிண்ட் என்றால் இரண்டு மடங்கு பாருங்கள். அதற்கும் முன்னால், ஏப்ரலில் நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நடந்தால் போங்கள். தொடக்கக் கோட்டில் கூட்டத்தோடு நிற்காதீர்கள். வளைவு முடிந்து கார் மீண்டும் வேகம் எடுக்கும் இடத்தில் நில்லுங்கள், அந்தத் தகடு திறப்பது அங்கேதான் கேட்கும்.