பாத்திரம் துலக்கும் யந்திரமும் ஜலச் சிக்கனமும்

2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, சென்னைத் தெருக்களில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டிக் காத்துக் கிடந்த நாட்களுக்குப் பிறகு, பாத்திரம் துலக்கும் யந்திரம் ஒன்றை வாங்கி வைப்பதே தேச சேவை என்ற அபிப்பிராயம் நம் நடுத்தர வர்க்கத்தாரிடையே வேரூன்றி வருகிறது. யந்திரத்தின் குணங்களை நான் மறுக்கவில்லை. நிறைய அடுக்கி ஓட்டினால் பத்துப் பதினைந்து லிட்டரில் அது வேலையை முடித்துவிடுகிறது. இடுப்பொடியத் தேய்த்து வந்த பெண்களுக்கு ஓய்வும் அளிக்கிறது. என் ஆட்சேபமெல்லாம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கணக்கைப் பற்றியது.

பிரசாரகர்கள் ஓயாமல் எடுத்துக்காட்டுவது ஜெர்மனியில் பான் சர்வகலாசாலையார் நடத்திய சோதனையை. பல நாட்டார் 113 பேரிடம், பன்னிரண்டு பேர் உண்ட தட்டுகளையும் கோப்பைகளையும் கொடுத்துக் கையால் கழுவச் சொன்னதில், சராசரி 103 லிட்டர் ஜலமும் 2.5 யூனிட் மின்சக்தியும் செலவாயினவாம். வாஸ்தவம்தான். ஆனால் அதே சோதனையில், ஜெர்மானியர் சராசரி 46 லிட்டரில் முடித்த வேலைக்கு ஸ்பெயின், போர்ச்சுகல் தேசத்தார் 170 லிட்டர் கொட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. தட்டும் ஒன்று, அழுக்கும் ஒன்று. வேறுபட்டது கழுவினவர் பழக்கமே. திறந்துவிட்ட குழாயோடு ஒப்பிட்டால் எதுதான் சிக்கனமாகத் தோன்றாது? ஊதாரியின் பக்கத்தில் நின்றால் யாரும் உலோபிதான். அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையிலிருந்து 2020இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, அதுவும் யந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றின் ஆதரவில் நடந்த ஆராய்ச்சி, இரண்டு தொட்டிகளில் நீர் நிரப்பி, ஒன்றில் தேய்த்து மற்றொன்றில் அலசும் முறைதான் யந்திரத்தையும்விடக் குறைந்த கரியமில வாயுவை உண்டாக்குகிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டது. இரண்டு வாளிகளை வைத்துக்கொண்டு நம் பாட்டிமார் முற்றத்தில் செய்ததும் ஏறக்குறைய இதுவே. அவர்கள் சாம்பலும் புளியும் தேய்த்து ஊற்றிய நீர் வாழைக்குப் பாய்ந்தது. காரமும் உப்பும் கலந்து யந்திரம் கக்கும் நீரை எந்த வாழைக்கு விடுவது?

மின்சக்தி மிச்சமாகும் என்னும் வாதத்துக்கோ இந்த மண்ணில் காலூன்ற இடமே இல்லை. யந்திரம் உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரைச் சூடாக்குவதற்கே போகிறது. கையால் கழுவும் ஐரோப்பியனும் வெந்நீரிலேயே கழுவுகிறான் ஆதலால் அங்கே அந்த ஒப்பீடு நியாயமாகிறது. மொட்டைமாடித் தொட்டியில் வெயிலே நீரைக் காய்ச்சித் தரும் ஊரில், பச்சைத் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் நாம் எதை மிச்சம் பிடிப்பது? இல்லாத செலவை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி, தடவைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டைப் புதிதாகச் செலவழிக்கிறோம். அதற்காக நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. போதாக்குறைக்கு, அடிப்பிடித்த குக்கரையும் எண்ணெய் வழியும் வாணலியையும் முதலில் குழாயடியில் அலசிவிட்டுத்தான் பலர் உள்ளே அடுக்குகிறார்கள்!

ஆகவே யந்திரம் வாங்குகிறவர்கள் முதுகுவலிக்காக வாங்கட்டும், நேரமின்மைக்காக வாங்கட்டும், பணமிருக்கிறதென்று வேண்டுமானாலும் வாங்கட்டும்; தண்ணீரையும் மின்சாரத்தையும் காப்பாற்ற வாங்கினேன் என்று மட்டும் அயலாரிடம் சொல்ல வேண்டாம்.