'குளிர் இரத்தப் பிராணி' என்றொரு தப்பான பெயர்

என் மகள் பரீட்சையில் எழுதியிருந்தாள்: "ஓணான் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய் உடல் வெப்பத்தைச் சரிசெய்து கொள்ளும்." தப்பு போட்டிருந்தார்கள். எதிர்பார்த்த விடை: "ஓணான் குளிர் இரத்தப் பிராணி, அதனால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த முடியாது." நாற்பது வயசுக்கு மேலான எனக்கும் பள்ளியில் இதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆசிரியரைக் குறை சொல்ல மனசில்லை. கோளாறு அந்தச் சொல்லில் இருக்கிறது.

சித்திரை மாச வெயிலில் அருப்புக்கோட்டைக் கரிசக்காட்டில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அங்கே அலையும் ஓணானின் ரத்தம் எப்படிக் குளிர்ந்திருக்கும்?

கட்டுப்பாடும் இருக்கிறது. காலையில் உடம்பைத் தட்டையாக்கி, நிறத்தைக் கருக்கவிட்டு, விலாவை வெயிலுக்குக் காட்டி உட்காரும். சூடேறியதும் நிறம் வெளுக்கும். உச்சி நேரத்தில் தரையை விட்டு சீமைக்கருவேலில் ஏறிவிடும். கொஞ்சம் உயரம் போனாலே காற்று தரையைவிடக் குளிர்ச்சி. அதற்கும் மேலே போனால் வாயைத் திறந்து மூச்சிரைக்கும். பாலைவனப் பல்லிகள் இப்படி இடம் மாறியே உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் வைத்திருப்பதை கவுல்ஸ், போகர்ட் இருவரும் 1944-லேயே எழுதிவிட்டார்கள். எண்பது வருஷம் ஆச்சு, நம்ம விடைத்தாளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

'புறவெப்ப உயிரி' என்பது மேலான சொல். வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்கிறது, 'முடியாது' என்று தீர்ப்பு எழுதவில்லை. அதிலும் விதிவிலக்கு உண்டு. அடைகாக்கும் மலைப்பாம்பு தசைகளைத் துடிக்கவைத்துத் தானே சூடு உண்டாக்கும். 1966-ல் வெளியான ஆய்வுக்காக நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் அளந்தபோது, சுற்றுப்புறம் 33 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் துடிப்பு தொடங்கியது.

பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். புரோகிராமில் ஒரு மாறிக்குத் தப்பான பேர் வைத்தால், பின்னால் வருகிறவன் அந்தப் பேரை நம்பித்தான் எழுதுவான். இங்கேயும் அதே கதை. 'முடியாது' என்று படித்த பிள்ளைக்கு ஓணான் ஒரு அரைகுறைப் பிராணி. உண்மையில், உள்ளே அடுப்பெரிக்காததால், அதே எடையுள்ள எலிக்கு ஓய்வில் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். மழை பொய்க்கும் திருச்சுழிப் பக்கத்தில் அது பெரிய சாமர்த்தியம்.

ஆனால் அந்தச் சாமர்த்தியத்துக்கு நிழல் வேண்டும். வேலியை ஒட்ட வழித்துவிட்டால் மத்தியானம் ஒதுங்க இடமில்லை.

மகளிடம் சொன்னேன்: "மார்க் போனா போகட்டும்மா, நீ பார்த்து எழுதினது சரிதான்."