பாசுரத் தொடுப்பும் பதிகத்தின் சங்கதியும்

பலரும் அறிந்த பாசுரங்களை வெவ்வேறு பதிகங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இராகமாலிகையாகத் தொடுத்துப் பாடும் வழக்கம் இன்று கச்சேரி மேடைகளில் பெருகியுள்ளது. அருளிச்செயலுக்குப் புதிய இசை அமைத்தலைக் குற்றமாகக் கூற இடமில்லை. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் அமைத்த இசை நாட்டையில் தொடங்கிச் சுருட்டியில் முடிகிறது. இராகங்கள் மாறினவேயன்றி ஆண்டாள் வைத்த அடைவு மாறவில்லை. ஆராயத்தக்கது தொடுப்பே.

பெருமாள் திருமொழியின் நான்காம் பதிகம் இதற்குத் தக்க இடம். திருவேங்கடத்தைப் பற்றிய தொடுப்புகளில் இப்பதிகத்திலிருந்து எடுக்கப்படுவது பெரும்பாலும் ஒன்பதாம் பாசுரமே. சன்னிதி வாசற்படி ‘குலசேகரன் படி’ எனப் பெயர் பெறக் காரணமானதாதலின் அதன் புகழ் இயல்பே. ஆனால் ஆழ்வார் படியைத் தொடக்கத்திலேயே வேண்டினாரல்லர். குருகு, மீன், பொன்வட்டில் ஏந்தும் அடிமை, செண்பகம், தம்பகம், மலைச்சிகரம், கானாறு, வழி என எட்டு நிலைகளைக் கடந்தே அங்கு வருகிறார். குருகுக்குச் சிறகுண்டு, மலையை விட்டுப் பறந்துவிடக் கூடும். மீனுக்கு அவ்வச்சமில்லை, ஆயினும் சுனைநீர் வற்றினால் அதற்கு வாழ்வில்லை. இவ்வாறு ஒரு விருப்பத்தைக் கைவிட்டு அடுத்ததைப் பற்றுதற்கான காரணத்தை வியாக்கியானம் காட்டிச் செல்கிறது. இசைவாணர் சங்கதி என்பது ஓரடியைப் பலவாறு விரித்துப் பாடுதலை. வியாக்கியாதாக்கள் சங்கதி என்பது இப்பிணைப்பை. முன்னது மிகுந்து பின்னது அற்றுப்போகிறது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. ஆழ்வார் படியிலும் நிற்கவில்லை. பத்தாம் பாசுரத்தில், இன்னதென்று வரையறுக்காமல், அம்மலைமேல் ஏதேனும் ஒன்றாக இருந்தாலே போதும் என்கிறார். தாம் தேர்ந்துகொண்ட வடிவத்தையும் விட்டுவிடும் இந்நிலையிலேயே அவர் பாரிப்பு முற்றுப்பெறுகிறது. ஒன்பதோடு நிறுத்தி, வேறோர் ஆழ்வாரின் பாசுரத்திற்கு இராகம் மாறும்போது, படியே அவரது முடிந்த விருப்பம் எனக் கேட்போர் கொள்வர்.

தொடுத்தல் சம்பிரதாயத்திற்குப் புதிதன்று என்பர் சிலர். உண்மையே. கோயில் திருமொழி ஒரு தேர்வுதான். சாற்றுமுறையில் திருப்பாவையின் இறுதி இரு பாசுரங்களோடு திருப்பல்லாண்டும் சேவிக்கப்படுகிறது. ஆயின் கோயில் திருமொழியில் தேர்வின் அலகு பதிகம். சாற்றுமுறையிலோ கைங்கரியப் பிரார்த்தனையை மங்களாசாசனம் தொடர்கிறது. இணைப்பு பொருளால் அமைந்தது. மேடையில் அடுத்த பாசுரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இராகப் பொருத்தமே.

பதிகம் முழுவதையும் பாட நேரமில்லையெனில், ஒன்பதையும் பத்தையுமாவது சேர்த்துப் பாடலாம். கூடுதலாக வேண்டுவன நான்கே அடிகள்.